மிராமாரே அரண்மனையில அந்தக் கப்பல் ரூம் பாத்தவங்க இருக்கீங்களா?

உப்புக்காத்து:
இத்தாலியில ட்ரியஸ்ட் பக்கம் இருக்கே, அதே மிராமாரே தான். ஆஸ்திரியப் பேரரசரோட தம்பி மாக்சிமிலியன் அந்த நாட்டுக் கடற்படைக்குத் தலைவரா இருந்தப்ப கட்டுனது, கீழ்த்தளத்துல அவரோட ஆபீஸ் ரூம நோவாரா கப்பலோட பின்பக்க அறை மாதிரியே செஞ்சு வச்சிருக்காரு. உள்ள போனதும் கூரை தலைக்கு மேல இறங்கி வந்துடுது, சுத்தி மரம், ஜன்னலுக்கு வெளிய கடல் மட்டும் தான். கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன், திடீர்னு பாத்தா ரெண்டு காலையும் அகட்டி வச்சு நிக்கிறேன், தரை ஆடுற மாதிரி. எங்கப்பா இருபது வருஷம் கப்பல்ல இருந்தவரு, லீவுக்கு வந்தா வீட்டுத் திண்ணையில கூட அப்படித்தான் நிப்பாரு. அந்தக் கப்பல்லயே உலகம் சுத்துன மனுஷன் கரையில வந்து அதே ரூம கட்டிக்கிட்டாருன்னா எவ்ளோ ஏக்கம் இருக்கணும்.

வடசென்னை வாசி:
அண்ணா, உலகம் சுத்துனது கப்பல், அவரு இல்ல. 1857-59 பயணத்துக்கு ஏற்பாடு பண்ணி அனுப்புனவரு அவரு, ஆனா ஏறிப் போகல. 1858ல அது நம்ம மெட்ராஸுக்கும் வந்துச்சு. எனக்கு மனசுல நிக்கிறது பக்கத்து படுக்கையறை தான், அதுவும் கப்பல் கேபின் மாதிரி. அத்தனை பெரிய அரண்மனையில தூங்க அந்தச் சின்ன எடம் போதும்னு நெனச்சிருக்காரு.

மழைக்குருவி:
அங்க தூங்குனவங்க எல்லாம் வெளியூர்ல துர்மரணம் அடைவாங்கன்னு ஒரு கதை ஓடுது, கேட்டதுல இருந்து எனக்கு அந்த ரூம்ல நிக்கவே முடியல.

ஊர்சுத்தி:
சாபம்லாம் இல்லங்க. மாக்சிமிலியன் மெக்சிகோவுக்கு பேரரசரா போக ஒத்துக்கிட்டாரு, 1867ல அங்க அவர சுட்டுட்டாங்க, அவ்ளோதான். நான் ஒரு தடவ போனேன், கூட்டத்துல அந்த ரூம்ல ரெண்டு நிமிஷம் கூட நிக்க விடல. அதனால போறவங்க காலையில திறந்ததும் போங்க, தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது அத அப்புறம் பாத்துக்கலாம், குளிர்காலம்னா போரான்னு அந்தப் பக்கத்து பலமான குளிர்காத்து ஆளையே தள்ளும் நல்ல ஜாக்கெட் வேணும், குடைய நம்பாதீங்க, டவுன்ல இருந்து பஸ் இருக்கு, திரும்புறப்ப பார்கோலா கடலோரமா நடந்தே வாங்க.

உப்புக்காத்து:
வடசென்னை தம்பி, திருத்துனதுக்கு நன்றி. ஆனா 1864ல மெக்சிகோ போனது நோவாராவுல, அவரு ஒடம்பு திரும்பி வந்ததும் அதே நோவாராவுல. அது தெரிஞ்சப்புறம் அந்த ஜன்னல் இன்னும் கண்ணுலயே நிக்குது. அப்பா போட்டோ ஒண்ணு இருக்கு, டெக்ல நிக்கிறது, நேத்து தேடி எடுத்தேன். கால் அதே மாதிரி தான் இருக்கு.