திடுக்கிட்டோமா, அதிர்ந்தோமா?

யாங்கோனிலிருந்து:

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை நண்பகல் 12.50 மணியளவில் பர்மாவின் (மியன்மாரின்) மாண்டலே அருகே 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது, எங்கள் வீட்டில் சாமி மாடத்துத் தூண்டாமணி விளக்கு ஆடியதைத் தவிர வேறொன்றும் நேரவில்லை. மகள் பர்மிய மொழியில் 'லன் த்வா டே' என்று கத்தினாள். 'லன்' என்னும் அந்த வினை திடுக்கிடுவதற்கும் அஞ்சுவதற்கும் பொதுவாக வழங்குகிறது. காரைக்குடியில் இருக்கும் பெரியப்பாவுக்கு அன்று மாலை, "அதிர்ச்சியடைந்தோம்" என்று எழுதினேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நலம் விசாரித்த கையோடு, "நீங்கள் திடுக்கிட்டீர்கள், அவ்வளவுதான், வீடு இழந்தவர்களுக்கல்லவா அதிர்ச்சி?" என்று திருத்தினார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் 'அதிர்' என்னும் வேர் அறைந்த முரசு அறைந்த பின்னும் ஒலிப்பதைக் குறிப்பது என்பதையும், "எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்" என்னும் 429ஆம் குறளில் 'அதிர' என்பதற்கு 'நடுங்கும்படி' என்றே பொருள் கொள்ளப்படுவதையும் அவர் எடுத்துச் சொன்னபோது மறுக்க இயலவில்லை. திடுக்கிடுதல் தோள் குலுங்கி அடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. அதிர்ச்சி அதன் பிறகே தொடங்குகிறது.

பகோவிலிருந்து:

உங்கள் பெரியப்பா சொன்ன வேறுபாட்டை நான் பதினோரு வயதிலேயே கண்ணால் கண்டிருக்கிறேன், அன்று அதற்குச் சொல் தெரியாது. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் பணத்தாள்கள் செல்லாது என்று பர்மிய அரசு அறிவித்தது; மாற்றித் தரவும் இல்லை. பருப்புக்கடை நடத்திவந்த அப்பா செய்தியைக் கேட்டுத் துள்ளி எழவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. அரிசிப் பானைக்குள் துணிப்பையில் சேர்த்திருந்த 75 கியாட் தாள்களை எடுத்துப் பாயில் பரப்பி, கிழிந்தவற்றை வழக்கம்போல் தனியே ஒதுக்கிவிட்டு, நல்ல தாள்களை மட்டும் இருமுறை எண்ணினார். எல்லாமே வெறுங்காகிதம் ஆன பிறகு கிழிந்ததற்கும் நல்லதற்கும் என்ன வேறுபாடு என்று அம்மா கேட்கவில்லை. மூன்று நாள் அவர் கடையைத் திறக்கவில்லை. அவர் திடுக்கிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

மோல்மேனிலிருந்து:

இரண்டையும் ஏற்கிறேன், ஆனால் பேச்சில் இவ்வளவு கறார் இல்லை. மின்கம்பியைத் தொட்டவருக்கு 'ஷாக்' தான் அடிக்கிறது, 'அதிர்ச்சி' அடித்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை. மேலும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே நிகழ்வதைச் சொல்லத் திடுக்கும் போதாது, அதிர்ச்சியும் போதாது. இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசி ஒலித்தால் என் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பகீர்னுது, யாருன்னு பாரு" என்பார். அழைப்பவர் பெரும்பாலும் கைமாற்றுக் கேட்கும் மாமாதான்.