படர்தாமரைக்கு எண்ணெய் தடவிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

அம்மாவுக்கு இடுப்பில் படர்தாமரை. வேப்பெண்ணெய் தடவியதில் அரிப்பு அடங்கியது, வட்டத்தின் நடுவில் தோலும் தெளிந்தது. ஆறிவிட்டது என்றே வீட்டில் பேச்சு. தோல் மருத்துவர் வட்டத்தின் ஓரத்தை மட்டும் லேசாகச் சுரண்டி, செதிலைத் தெளிவாக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டு, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். தோல் செதில்களுக்குள் கிளைவிட்ட பூஞ்சை இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. நடுவில் தெளிவது இந்தப் பூஞ்சையின் இயல்பு, ஓரத்தில்தான் அது உயிரோடு பரவும் என்றார். அரிப்பு நின்றதும் நோயும் நின்றது என்று எப்படி நம்பினோம்? அந்த இழைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

பதில்
எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். என் சேற்றுப்புண் புங்க எண்ணெயில்தான் ஆறியது. இரவில் தடவுவேன், காலையில் கழுவி விரலிடுக்கை ஒற்றி உலர்த்திய பிறகே செருப்பு. எரிச்சல் இல்லாமல் விடியும்வரை தூங்கிய அந்த முதல் இரவை மறக்க மாட்டேன். வேம்பும் புங்கமும் பூஞ்சையை அடக்குவதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

பதில்
ஆய்வகத் தட்டு வேறு, உயிருள்ள தோல் வேறு ஐயா. விரலிடுக்கை உலர்த்தினீர்களே, பாதி வைத்தியம் அதுதான். என் தம்பிக்கு முதுகில் தேமல். தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தான், அது தோள்வரை ஏறியது. தேமலை உண்டாக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, கொழுப்பை உண்டு வாழ்வது. அதற்கு எண்ணெய் தீனி. கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்து கலந்த ஷாம்பூவில் செதில் போனது. ஆனால் வெளிர்ந்த நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. அதுவரை சட்டையைக் கழற்றவே மாட்டான், பாவம்.

பதில்
அக்கா மகள் தேயிலை மர எண்ணெயை (டீ ட்ரீ ஆயில்) அப்படியே தடவி, கை முழுக்கக் கொப்பளம். அவ்வளவுதான் என் கதை. ஆனால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த எண்ணெயை வேறு எண்ணெயில் நீர்க்காமல் தொடாதீர்கள். திறந்து நாளான புட்டி இன்னும் மோசம், காற்றுப்பட்டால் தோலை எரிக்கும் பொருட்கள் அதில் கூடும். வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளே கொடுக்கவே கூடாது, வாந்தியும் வலிப்பும் வந்த குழந்தைகள் உண்டு. எண்ணெய் கேட்கவில்லை என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமுக்கு ஓடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகப் பயம். சிவப்பு சட்டென்று குறையும், அடியில் பூஞ்சை செழிக்கும், கடைசியில் வட்ட வடிவமே கலைந்து மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது. தலையிலோ நகத்திலோ வந்தால் பெரும்பாலும் மாத்திரைதான், முடியின் வேர்வரை எண்ணெய் போகாது. பூஞ்சைக்கான கிரீம் என்றால், மறைந்ததும் விட்டுவிடாமல் மருத்துவர் சொன்ன நாள்வரை தடவுங்கள். துண்டைப் பகிர வேண்டாம். அப்புறம், வீட்டில் பூனை, நாய் இருந்தால் அவற்றையும் பாருங்கள், அவற்றிடமிருந்தும் தொற்றும்.

பதில் (முதலில் எழுதியவர்)
பூனையா? எங்கள் பூனைக்குக் காதோரம் முடி உதிர்ந்திருக்கிறது. அம்மா மடியில்தான் எந்நேரமும் படுத்திருக்கும். நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுகிறேன்.

பதில்
காட்டுங்கள். அதுவரை அதற்குத் தேயிலை மர எண்ணெயை மட்டும் தடவிவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.