உதவி தேவை: மீட்டிங் ரூமில் நாங்கள் பேசுவது கிணற்றுக்குள் இருந்து வருகிறதாம். கேமரா மாற்றினால் சரியாகுமா?

பனியன்_ஊர்க்காரன் (கேள்வி):

வணக்கம். திருப்பூரில் ஒரு நிட்வேர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். ஐ.டி. என்றால் பிரிண்டர், சிசிடிவி, பஞ்சிங் மெஷின், முதலாளி வீட்டு வைஃபை எல்லாம் சேர்த்துத்தான்.

எங்கள் மீட்டிங் ரூம் 24க்கு 14 அடி, உயரம் 10 அடி. டைல்ஸ் தரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மேலே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். நடுவில் 12 அடி மேசை, அதன் மேலும் கண்ணாடிதான். சுவரில் 65 அங்குல டிவி, அதன் தலையில் ஒரு யு.எஸ்.பி. வெப்கேம். மேசையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. கேபிள் போகிறது.

மத்தியானம் ஜெர்மனி பையரோடு கால் வந்தால் மூன்று புகார்கள் வருகின்றன. அவர்கள் பேசுவது அவர்களுக்கே அரை வினாடி கழித்துத் திரும்பக் கேட்கிறது. மேசையின் கடைசியில் உட்காரும் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் சொல்வது ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை. நடுநடுவே படம் உறைந்து நிற்கிறது.

ஒரு வெண்டர் வந்து பார்த்துவிட்டு, தானாகத் திரும்பும் கேமராவும் சீலிங் மைக்கும் போட்டால் எல்லாம் தீரும் என்று மூன்றரை லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். "கேமரா நல்லாத்தானே இருக்கு, இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்கிறார் முதலாளி. எனக்கும் பதில் தெரியவில்லை. இதே பாடு பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஒயர்மேன்:

முதலாளி கேட்டது சரியான கேள்வி. உங்கள் மூன்று புகாரில் கேமராவால் தீரக்கூடியது ஒன்றுகூட இல்லை. இரண்டு விவரம் சொல்லுங்கள். ஒன்று, ஜூமோ டீம்ஸோ எதுவானாலும் ஆடியோ செட்டிங்கில் மைக் எது, ஸ்பீக்கர் எது என்று தேர்வாகியிருக்கிறது? இரண்டு, படம் உறையும்போது உங்கள் திரையின் ஓரத்தில் தெரியும் உங்கள் படமும் சேர்ந்து உறைகிறதா, அல்லது அங்கே மட்டுமா?

பனியன்_ஊர்க்காரன்:

டீம்ஸ்தான் அண்ணா. மைக் வெப்கேமுடையது, ஸ்பீக்கர் டிவி. உறைவது இரண்டு விதமாகவும் நடக்கிறது. சில நேரம் எங்கள் படமே இங்கே நின்றுவிடும், கேமராவைக் கழற்றி மாட்டினால் வரும். சில நேரம் இங்கே நன்றாக ஓடும், "நீங்கள் உறைந்துவிட்டீர்கள்" என்று அவர்கள் சொல்வார்கள், பேச்சும் அறுந்து அறுந்து போகும்.

ஒயர்மேன்:

அப்படியானால் அது இரண்டு தனித்தனி நோய். இங்கேயே நிற்பது கேபிள். டிவி தலையிலிருந்து மேசைக்கு எப்படிக் கொண்டுவந்தீர்கள்? யு.எஸ்.பி. 2.0 சாதாரண கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. இரண்டு எக்ஸ்டென்ஷனை ஒன்றோடொன்று செருகி ஓட்டியிருந்தால் கேமரா அடிக்கடி கழன்று கழன்றுதான் ஒட்டும். சிக்னலை நடுவில் வலுப்படுத்தி அனுப்பும் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்கள், அல்லது லேப்டாப்புக்குப் பதில் ஒரு சின்ன கம்ப்யூட்டரை டிவிக்குப் பின்னாலேயே மாட்டிவிடுங்கள். தூரமே குறைந்துபோகும்.

ஒலிக்காரர்:

எதிரொலி பற்றி நான் சொல்கிறேன். தலைகீழாகப் புரிந்துகொண்டுதான் பாதிப் பேர் காசைக் கரைக்கிறார்கள். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவர்கள் பக்கம் கோளாறு இல்லை. எதிர்ப்பக்கத்தில்தான், அதாவது உங்கள் ரூமில்தான். சோதிப்பது சுலபம்: ஜெர்மனிக்காரர் பேசும்போது நீங்கள் மியூட் போடுங்கள். எதிரொலி நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

காரணம் இது. டீம்ஸ் எந்தச் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது என்று அதற்குத் தெரியும். மைக்கில் வரும் ஒலியில் அதே சத்தத்தைத் தேடிப் பிடித்துக் கழித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் அனுப்பும். உங்கள் ரூமில் சத்தம் டிவி வழியாக வெளியே வருகிறது. டிவி அதைச் சும்மா வெளியே விடாது. படத்துக்கு ஏற்பக் கொஞ்சம் தாமதிக்கும், 'சினிமா', 'சரவுண்ட்' என்று ஏதாவது மெருகு போடும். அது டிவி தலையில் இருக்கும் வெப்கேம் மைக்கில் விழும்போது ஆளே மாறிப்போயிருக்கும். மென்பொருளால் அடையாளம் கண்டுபிடிக்க முடியாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது.

மருந்து: மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் யு.எஸ்.பி. ஸ்பீக்கர்ஃபோன். மேசை நடுவில் வைக்கும் வட்டமான சாதனம். கழிக்கும் வேலையை அது தனக்குள்ளேயே செய்துகொள்ளும். டீம்ஸில் மைக், ஸ்பீக்கர் இரண்டுக்கும் அதையே தேர்ந்தெடுங்கள், டிவியின் வால்யூமைச் சுத்தமாக அணைத்துவிடுங்கள். 12 அடி மேசை என்றால், இரண்டை இணைக்கக்கூடிய மாடலாக வாங்குவது நல்லது.

அப்புறம் ஒரு சட்டம் போடுங்கள்: ஒரு ரூமுக்கு ஒரு மைக். பக்கத்தில் உட்கார்ந்து தன் லேப்டாப்பிலும் அதே காலில் சேர்பவர் மைக்கை மட்டும் மியூட் செய்தால் போதாது, ஸ்பீக்கரையும் அணைக்க வேண்டும்.

நூல்கண்டு:

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிவிட்டால் போதுமே? பழைய ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் எல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஒலிக்காரர்:

வேண்டாம் தம்பி. முட்டை அட்டை மெலிசான காகிதம். பேச்சுக்கு முக்கியமான அலைவரிசைகளில் அது உறிஞ்சுவது சொற்பம், தீப்பிடித்தால் சர்ரென்று எரியும். காசில்லாமல் செய்ய வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது, அதுவும் திருப்பூரில்.

கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி என்றார்களே, அது ரூமின் வேலை. உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொள்ளளவு சுமார் 95 கன மீட்டர். டைல்ஸ், கண்ணாடி, ஜிப்சம் எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் ரகம். உட்கார்ந்திருக்கும் ஆட்களையும் சேர்த்தால்கூட ரூம் மொத்தமாக உறிஞ்சுவது, சத்தத்தை முழுசாக விழுங்கும் 11 சதுர மீட்டர் மெத்தைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.161ஐக் கொள்ளளவால் பெருக்கி, இந்த 11ஆல் வகுத்தால் 1.4 வினாடி வருகிறது. நீங்கள் கை தட்டினால் அந்தச் சத்தம் சுத்தமாக அடங்க அவ்வளவு நேரம். மீட்டிங் ரூமுக்கு அரை வினாடியை ஒட்டி இருந்தால்தான் பேச்சு தெளிவாக இருக்கும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இந்த மாதிரி ரூமில் ஒருவர் வாயிலிருந்து ஒன்றரை அடியைத் தாண்டினாலே, நேராக வரும் குரலைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் குரல்தான் மைக்கில் அதிகம் விழும். உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் டிவி தலையில் இருக்கும் மைக்கிலிருந்து எத்தனை அடி? 15 இருக்குமா? அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோஜனமில்லை. சீலிங் மைக் போட்டாலும் அது பேசுபவர் வாயிலிருந்து ஆறேழு அடி தள்ளித்தானே இருக்கும். ரூமைச் சரிசெய்யாமல் சீலிங் மைக் போடுவது வீண் செலவு என்று நான் சொல்வது அதனால்தான்.

சத்தம் அடங்கும் நேரத்துக்கான அந்த முதல் கணக்கை உலகத்துக்குக் கொடுத்தவர் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது எதுவுமே புரியவில்லை என்று அவரிடம் கொடுத்தார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்துதான் அவர் விதியைக் கண்டுபிடித்தார். அவர் இரவல் மெத்தையோடு மல்லுக்கட்டினார், உங்கள் குடோனில் ரோல் ரோலாகத் துணி கிடக்கும்.

மெல்லிய ஜெர்சி உதவாது. கனமான ஃபிளீஸ் துணியை, சுவரின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாகத் திரை தையுங்கள். கண்ணாடிச் சுவரின் முன் நாலு அங்குலம் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். எதிர்ச்சுவரில் 2 அங்குல கனமுள்ள கிளாஸ்வூல் அல்லது பாலியஸ்டர் பேனல், தீப்பிடிக்காத ரகமாகப் பார்த்து, உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்துக்கு. மேசையில் கண்ணாடிக்கு மேல் ஒரு தடிமனான விரிப்பு. என்றைக்காவது சீலிங்கைப் பிரித்தால் ஜிப்சத்துக்குப் பதில் மினரல் ஃபைபர் ஓடு போடச் சொல்லுங்கள். அது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

நெட்வொர்க்_சித்தப்பா:

அந்தப் பக்கம் மட்டும் உறைவது என் இலாகா. கால் நடக்கும்போது டீம்ஸில் 'கால் ஹெல்த்' என்று ஒன்று இருக்கிறது, திறந்து பாருங்கள். தகவல் போய்த் திரும்பும் நேரமும் பாக்கெட் இழப்பும் (வழியில் தொலையும் தகவல் துண்டுகள்) அங்கே தெரியும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் ஜி.114 பரிந்துரை. ஜெர்மனி தூரத்துக்கே அதில் பாதி போய்விடும். மீதியை உங்கள் ஆபீசுக்குள்ளேயே தின்றுவிடாதீர்கள்.

மத்தியானம் மட்டும்தான் வருகிறது என்றால் அப்லோடைச் சந்தேகப்படுங்கள். அந்த நேரத்தில் யாராவது பேட்டர்ன் ஃபைல், சாம்பிள் போட்டோ என்று ஜி.பி. கணக்கில் ஏற்றுகிறார்களா? சிசிடிவி கிளவுடுக்குப் போகிறதா? லேப்டாப்பில் 8.8.8.8க்கு (கூகுளின் சர்வர்) தொடர்ந்து பிங் போட்டுவிட்டு (போய்த் திரும்பும் நேரத்தை மில்லிசெகண்டில் காட்டும் கட்டளை), இன்னொரு கம்ப்யூட்டரில் ஒரு பெரிய ஃபைலை ஏற்றுங்கள். பத்து இருபதில் இருந்த எண் முந்நூறுக்கு எகிறினால் ரவுட்டரில் வரிசை கட்டி நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் பிளான் 200 எம்.பி.பி.எஸ்ஸாக இருந்தாலும் இதற்கு உதவாது. ரவுட்டரில் அப்லோடுக்கு வரம்பு போடுங்கள், குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஃபயர்வாலையும் ஒரு பார்வை பாருங்கள். டீம்ஸின் குரலும் படமும் யு.டி.பி. (தொலைந்ததற்குக் காத்திராமல் அனுப்பிக்கொண்டே போகும் முறை) 3478 முதல் 3481 வரையான போர்ட்டுகளில் போக வேண்டும். அதை அடைத்து வைத்திருந்தால் டி.சி.பி. 443 வழியாகச் சுற்றிப் போகும். கால் இணையும், ஆனால் தொலைந்த ஒவ்வொரு பாக்கெட்டும் திரும்பி வரும்வரை காத்திருக்கும். பேச்சு அறுந்து, பிறகு ஓடிவந்து சேர்வது அதனால்தான். மீட்டிங் ரூம் கம்ப்யூட்டருக்கு வைஃபை வேண்டவே வேண்டாம், லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

பனியன்_ஊர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. செய்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

இணைத்துப் பேசும் இரண்டு ஸ்பீக்கர்ஃபோன் வாங்கினோம், டிவி வால்யூம் பூஜ்யம். எதிரொலி அன்றைக்கே நின்றுவிட்டது. ஃபயர்வாலில் யு.டி.பி. அடைத்துத்தான் இருந்தது, திறந்துவிட்டேன். பிங் சோதனையில் சிசிடிவி மாட்டிக்கொண்டது. மத்தியானம் 3 மணிக்கு எல்லா கேமராவின் பதிவும் கிளவுடுக்கு ஏறுகிற மாதிரி யாரோ அட்டவணை வைத்திருந்தார்கள். அதை ராத்திரிக்கு மாற்றினேன். யு.எஸ்.பி.க்கு ஆக்டிவ் கேபிள்.

திரை ஒரு பக்கம்தான் தைத்திருக்கிறோம், டெய்லரிங் செக்‌ஷனிலேயே. முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பேனலுக்கு இன்னும் சம்மதம் வாங்கவில்லை. கைதட்டினால் இப்போதும் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் மேனேஜர் பேசுவது புரிகிறது என்கிறார்கள். மூன்றரை லட்சத்துக் கொட்டேஷனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்னொரு சந்தேகம், எங்கள் மெர்ச்சண்டைசர் அக்கா கேட்கச் சொன்னார். துணியைக் கேமராவில் காட்டினால் அங்கே வேறு கலராகத் தெரிகிறதாம். ரிப் துணியில் அலை அலையாகக் கோடு ஓடுகிறதாம். இதற்காவது நல்ல கேமரா வேண்டாமா?

சாயப்பட்டறை_லேப்:

இதற்கும் வேண்டாம். கேமராவின் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப அதுவே நிறத்தை மாற்றிக்கொள்வது), உங்கள் எல்.இ.டி. விளக்கு, வீடியோவைச் சுருக்கும்போது நிற விவரத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துவிடுவது, கடைசியாக அவர்கள் மானிட்டர் என்று நாலு இடத்தில் கலர் மாறும். எத்தனை லட்சம் போட்டாலும் கலர் அப்ரூவலை வீடியோவில் வாங்கக் கூடாது. லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணித் துண்டு) கூரியரில்தான் போக வேண்டும். பையர் சொன்ன விளக்கில், பகல் வெளிச்சத்துக்கான டி65 ஆகட்டும் கடை டியூப் லைட்டுக்கான டி.எல்.84 ஆகட்டும், லைட் பாக்ஸில் பார்த்துத்தான் ஓகே ஆக வேண்டும். ஒரு விளக்கில் பொருந்தும் இரண்டு துணி இன்னொன்றில் பொருந்தாமல் போவது எங்கள் லேபில் வாராவாரம் நடக்கிற கதை.

வீடியோவில் தையல், அளவு, லேபிள் ஒட்டிய இடம் காட்டுங்கள், அதற்கு இப்போதிருக்கும் வெப்கேம் தாராளம். ஆட்டோ வொயிட் பேலன்ஸை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி நிலைநிறுத்திக்கொள்ளுங்கள். ரிப்பில் ஓடும் கோடு துணியில் இல்லை, துணியின் வரிகளும் கேமரா சென்சாரின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. துணியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலோ இன்னும் கிட்டே கொண்டுபோனாலோ போய்விடும். அப்படியும் போகாவிட்டால் மொபைலில் போட்டோ எடுத்துச் சாட்டில் போட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்கள் அக்காவை.