ஞாயிறு மதியத்துக்கு மேலும் கிருஷ்ணகிரியில் கடைகள் திறந்திருக்க வேண்டும்

ஓசூர் ஷிப்ட்:
நான் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. வாரத்தில் ஆறு நாள் இப்படித்தான். வீட்டு வேலை என்று ஏதாவது பார்க்க முடிந்தால் அது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

போன ஞாயிறு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வால்வு உடைந்துவிட்டது. பிளம்பர் வந்து சேரவே பன்னிரண்டரை. முக்கால் அங்குல பால் வால்வு ஒன்று, எல்போ இரண்டு, சொல்யூஷன் ஒரு டப்பா, டெஃப்லான் டேப் என்று ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். ராயக்கோட்டை ரோடு முழுக்கப் பார்த்தேன், ரவுண்டானாவைச் சுற்றினேன், பழையபேட்டை வரை போனேன். எல்லா ஹார்டுவேர் கடையிலும் ஷட்டர் இறங்கியிருந்தது. பிளம்பர் தன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உடைந்த இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துக் கட்டி, கீழே பக்கெட் வைத்திருக்கிறோம். இன்றுவரை சொட்டிக்கொண்டே இருக்கிறது.

துணிக்கடையும் நகைக்கடையும் ஞாயிறு இரவு ஒன்பது வரை விளக்குப் போட்டு நிற்கின்றன. ஹார்டுவேர், எலக்ட்ரிகல், நோட்டுப் புத்தகக் கடை மட்டும் ஒரு மணிக்கே மூடுவது ஏன்? ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்ச் சம்பாதித்து வருபவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! எங்களுக்கு இருப்பது அந்த ஒரே நாள்தான். மாலை ஆறு வரையாவது திறந்திருங்கள் என்கிறேன்.

பழையபேட்டை ஹார்டுவேர்:
தம்பி தேடி வந்த கடைகளில் என் கடையும் ஒன்றாக இருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். கடையில் நானும் இரண்டு வேலையாட்களும்தான். திங்கள் முதல் சனி வரை காலை எட்டரையிலிருந்து இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஞாயிறு ஒரு மணி வரை.

முயற்சி செய்யாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொரோனா ஓய்ந்த பிறகு, விட்ட வியாபாரத்தைப் பிடிப்பதற்காக நான்கு மாதம் ஞாயிறு மாலையும் திறந்து பார்த்தேன். எங்கள் தொழிலுக்கு வாடிக்கையாளர் என்றால் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன். சனிக்கிழமை வாரக்கூலி வாங்கிய கொத்தனார் ஞாயிறு வேலைக்கு வரமாட்டார். சரக்கு டிப்போ மூடியிருப்பதால் லோடு வராது. ஒரு ஞாயிறு மாலை முழுக்க உட்கார்ந்து ஒரு எல்.இ.டி. பல்பும் நாலு வாஷரும் விற்றேன். அந்த விற்பனை கரண்டு பில்லுக்கே காணாது.

இன்னொன்றையும் சொல்கிறேன். 2020 ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் தமிழ்நாடு முழுக்க முழு ஊரடங்கு போட்டார்கள். அந்த ஞாயிறுகளில்தான் என் மகள் எப்படிச் சாப்பிடுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்த்தேன். அப்போது அவள் பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்தாள். அதுவரை ஒன்பது வகுப்பு எப்படிப் போனதென்றே எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மாடி:
நான் ஒரு பெரிய துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறேன். "நிற்கிறேன்" என்று எழுதியதைக் கவனியுங்கள். எட்டு வருடமாக அதுதான் என் வேலை. ஞாயிறு கடை திறந்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்கு அது ஏற்கனவே நடக்கிறது, ஆகவே சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பிரிவில் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் வந்தால் பத்துப் பேர். முப்பது, நாற்பது புடவை பிரிப்போம். ஒன்றை எடுப்பார்கள், சில நேரம் ஒன்றும் எடுக்க மாட்டார்கள். அவர்கள் எழுந்ததும் அத்தனையையும் பழைய மடிப்பு மாறாமல் மடித்து, அட்டை வைத்து, விலைச்சீட்டு வெளியே தெரியும்படி அடுக்க வேண்டும். மடித்து முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் பாயில் உட்கார்ந்துவிடும். மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு, இருபது நிமிடம். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கும்.

எனக்கு விடுமுறை புதன்கிழமை. அன்று பையன் பள்ளிக்கூடத்தில், அவர் வேலையில், மாமியார் நூறு நாள் வேலையில். வீட்டில் நானும் சுவரும் இருப்போம். முகூர்த்தம் ஞாயிறில், காதுகுத்து ஞாயிறில், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதும் ஞாயிறில். அக்கா மகள் சீருக்கு நான் போகவில்லை. அந்தச் சீருக்கு எடுத்த புடவையை மட்டும் நான்தான் பிரித்துக் காட்டினேன்.

ஓசூர் ஷிப்ட்:
அக்கா, படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆனால் நானும் ஒரு தொழிலாளிதான். என் வால்வுக்கு நான் எந்த நாளில் போவது? லீவு போட்டால் அந்த மாத வருகை ஊக்கத்தொகை போய்விடும். நூற்றைம்பது ரூபாய் பொருளுக்கு ஆயிரத்துக்கு மேல் இழக்கச் சொல்கிறீர்களா?

லெட்ஜர்:
பல கடைகளுக்குக் கணக்கும் தொழிலாளர் பதிவேடும் எழுதிக் கொடுப்பது என் தொழில். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. கடை எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பது ஒன்று. ஓர் ஆள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்பது வேறு.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை என்று அது சொல்கிறது. அந்த நாள் ஞாயிறாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2019-இல் அரசு ஓர் ஆணை போட்டது: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். 2022-லும் 2025-லும் அதை நீட்டித்தார்கள். சுழற்சி முறையில் அனைவருக்கும் வார விடுமுறை, யாருக்கு எந்த நாள் விடுமுறை என்ற பட்டியல் கடையில் பார்வைக்கு, கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு எட்டுக்கு மேல் பெண்கள் வேலை செய்ய அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் என நிபந்தனைகள் இருக்கின்றன. இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஞாயிறு திறப்பதில் தவறு ஏதும் இல்லை. இரண்டு பேருக்குக் கூடுதலாக வேலையும் கிடைக்கும். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்காகப் பெங்களூர் பஸ் ஏறுவது கொஞ்சமாவது குறையட்டும்.

மூன்றாவது மாடி:
சார், அந்தச் சம்மதக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்று ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் நகலோடு நீட்டிய ஏழெட்டுக் காகிதங்களில் அதுவும் ஒன்று. போடாதவளுக்கு வேலை இல்லை. 2021-இல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அன்றைக்கு எங்கள் பிரிவில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது உண்மை. மேசைக்கு அடியில் அவை இருக்கின்றன. ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து போன் வரும்.

போச்சம்பள்ளி புளியமரம்:
எனக்கு அறுபத்து மூன்று வயது. ஞாயிறு விடுமுறை என்ற பேச்சே எங்கள் பக்கம் கிடையாது. போச்சம்பள்ளி வாரச்சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. ஆடு, கோழி, புளி, தேங்காய், காய்கறி எல்லாம் அன்றுதான் பணமாகும். பணம் கையில் இருக்கும் அன்றே கத்திக்குப் பிடி, மோட்டாருக்கு வயர், பேத்திக்கு நோட்டு என்று வாங்கிக்கொண்டு திரும்புவோம். கிராமத்தானுக்கு வாரம் என்பது சந்தையில் தொடங்கிச் சந்தையில் முடிகிறது. குந்தாரப்பள்ளிப் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளிதான் சந்தை நாள். ஞாயிறு விடுமுறை என்பது வெள்ளைக்காரன் தன் கோயிலுக்குப் போவதற்காக வைத்துக்கொண்டது. டவுன்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, விவசாயி காசோடு வரும் நாளில் கதவைச் சாத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

லெட்ஜர்:
பெரியவர் சந்தையைப் பற்றிச் சொன்னது நியாயம். ஞாயிறு விடுமுறையை வெள்ளைக்காரன் தூக்கிக் கொடுத்ததாகச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் விடுமுறையே இல்லாமல் ஆட்கள் உழைத்த காலத்தில், நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884-இல் தொழிலாளர்களைக் கூட்டி வார விடுமுறை கேட்டார். 1890 ஏப்ரலில் நடந்த பெருங்கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் பேசினார்கள். அதன் பிறகே, அந்த ஜூனில் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். நம் ஆட்கள் கேட்டு வாங்கிய நாள் அது. 2005-இல் லோகண்டேவுக்கு அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள்.

போச்சம்பள்ளி புளியமரம்:
இதை நான் அறியவில்லை. தெரிந்துகொண்டேன். ஆனாலும் சந்தை அன்று கடை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. சந்தை வியாபாரி அடுத்த நாள் படுத்துக்கொள்கிறான், அவனை யாரும் கேட்பதில்லை. கடைக்காரரும் அப்படித் திங்கட்கிழமை ஓய்வெடுக்கட்டும்.

மூன்றாவது மாடி:
ஐயா, சந்தையில் கடை போடுபவர் தன் ஓய்வைத் தானே வைத்துக்கொள்கிறார். எனக்குப் புதன் என்று எழுதிக் கொடுத்தவர் யாரோ.

லெஸ்டர் – பர்கூர்:
சொந்த ஊர் பர்கூர், ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கேயும் இதே சண்டை பல வருடம் நடந்து, 1994-இல் சட்டம் போட்டார்கள். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஆறுக்குள் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். சிறிய கடைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மாலை நாலரைக்குச் சூப்பர் மார்க்கெட் மூடியதும், முனைக்கடையில் ஆள் நிற்க ஆரம்பிக்கும். பால், ரொட்டி, பல்பு எல்லாம் அங்கே.

நம் ஊர் ஆணையை லெட்ஜர் சார் எழுதியதும் எனக்கு உறைத்தது. இங்கிலாந்தில் பெரிய கடைக்குக் கடிவாளம், சின்னக் கடைக்குச் சலுகை. தமிழ்நாட்டில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவருக்கு 24 மணி நேரம். தலைகீழாக இருக்கிறது. பர்கூருக்கு ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் ஜனம் வந்து துணி எடுப்பது சின்னச் சின்னக் கடைகளை நம்பித்தான். ஞாயிறு மாலையை அவர்களுக்கு விட்டுக் கொடுக்கும் சட்டம் வந்தால், மூன்றாவது மாடி அக்காவும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம்.

பழையபேட்டை ஹார்டுவேர்:
லெஸ்டர் தம்பி சொன்னது போல் ஒன்று வந்தால் முதல் ஆளாக ஆதரிப்பேன். பெரிய கடை திறந்திருக்கும் வரை, மூடுவதற்குப் பயந்துகொண்டே மூட வேண்டியிருக்கிறது.

லெட்ஜர்:
ஹார்டுவேர் அண்ணாச்சி, ஒன்று கேட்கிறேன், வருத்தப்பட வேண்டாம். ஞாயிறு ஒரு மணி வரை கடை என்றீர்கள். மற்ற ஆறு நாளும் முழுக்கக் கடை. அப்படியென்றால் உங்கள் இரண்டு வேலையாட்களுக்கும் முழு நாள் விடுமுறை எப்போது? உங்களைப் போன்ற சிறிய கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுக்க மூட வேண்டும் என்பதுதான் 1947 சட்டம். அரை நாள் மூடுவது அந்த முழு நாளுக்கு ஈடாகாது.

பழையபேட்டை ஹார்டுவேர்:
இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். படித்த அன்று பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மகளோடு கழித்த ஞாயிறுகளைப் பெரிதாக எழுதினேன், என் கடை ஆட்களுக்கு இருபத்திரண்டு வருடமாக அரை ஞாயிறுதான் கொடுத்திருக்கிறேன் என்பது எழுதும்போது தோன்றவே இல்லை. என் அப்பா காலத்துப் பழக்கம், அப்படியே வந்துவிட்டது. செய்தது தவறு.

நேற்று இருவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். செவ்வாய் முழு விடுமுறை தருகிறேன், ஞாயிறு மாலை வரை திறக்கலாமா என்றேன். காவேரிப்பட்டணத்திலிருந்து வருபவர் பதில் சொல்லவே யோசித்தார். இளையவர், வேப்பனப்பள்ளிக்காரர், "ஞாயிறு முழுசாகக் கொடுத்தால் போதும் அண்ணா, மத்த நாள் வேண்டாம்" என்றார். பிறகு மூத்தவரும் அதையே சொன்னார். ஆகவே வருகிற மாதத்திலிருந்து ஞாயிறு கடை முழுக்க மூடல். அட்டை எழுதி மாட்டியாகிவிட்டது. சம்பளம் குறையாது.

ஓசூர் தம்பிக்கு இது எதிராகப் போய்விட்டது என்று தெரியும். காலையில் கிடைத்ததும் இனி கிடைக்காது. எனவே சனிக்கிழமை எட்டரைக்கு ஆட்களை அனுப்பிவிட்டு, பத்து மணி வரை நான் மட்டும் கடையில் இருப்பதாக முடிவு செய்திருக்கிறேன். பிளம்பரிடம் வெள்ளிக்கிழமையே போனில் கேட்டு, என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போச்சம்பள்ளி புளியமரம்:
டவுனில் இன்னொரு கதவும் சாத்தியாயிற்று. எங்கள் கட்சிக்கு நட்டம்தான். ஆனாலும் அந்தப் பையன்களுக்குக் கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன்.

ஓசூர் ஷிப்ட்:
நான் கேட்டது இதுவல்ல. மாலை ஆறு வரை திறங்கள் என்று கேட்டேன், காலையும் போய்விட்டது. என் கருத்து மாறவில்லை, ஏதாவது நாலு கடையாவது முறை வைத்து ஞாயிறு மாலை திறக்க வேண்டும், ராத்திரி மருந்துக் கடைக்கு முறை வைப்பது போல. அதை இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அண்ணா, இந்தச் சனிக்கிழமை பஸ் விட்டு இறங்கியதும் நேரே வருகிறேன். எப்படியும் எட்டரை தாண்டிவிடும். முக்கால் அங்குல பால் வால்வு ஒன்று, எல்போ இரண்டு, சொல்யூஷன் சின்ன டப்பா, டேப் ஒன்று. எடுத்து வையுங்கள்.

பழையபேட்டை ஹார்டுவேர்:
எடுத்து வைத்துவிட்டேன். எல்போ பழைய குழாய்க்குச் சேருமா என்று சந்தேகமாக இருக்கிறது. உடைந்த வால்வைக் கையோடு கொண்டு வாருங்கள்.