ஸ்பானிய இருமொழி வகுப்பில் ஒரு வாரம்: தமிழ்ப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

நெய்தல் (டெக்சாஸ்):

எங்கள் மகள் இங்குள்ள அரசுப் பள்ளியொன்றில், ஸ்பானியமும் ஆங்கிலமும் சரிபாதியாக நடக்கும் இருமொழிப் பிரிவில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்கை ஆங்கிலத்திலும், அறிவியலையும் சமூகவியலையும் ஸ்பானியத்திலும், வாசிப்பை இரண்டிலும் நடத்துகிறார்கள். லியோ கோமெஸ், ரிச்சர்ட் கோமெஸ் ஆகிய இருவர் 1990களில் வகுத்த முறை இது. "ஸ்பானியமே தெரியாத பிள்ளை அங்கே என்னதான் படிக்கும்?" என்று பலர் கேட்பதால், அக்டோபரில் ஒரு வாரம் எப்படிப் போனது என்பதை எழுதுகிறேன்.

பாடம் மோனார்க் வண்ணத்துப்பூச்சி. அந்தப் பருவத்தில் அவை டெக்சாஸ் வழியாகத்தான் மெக்சிகோவின் மிச்சோவாகான் மலைக்காடுகளுக்குப் போகின்றன என்பதால், பாடத்தைப் பள்ளித் தோட்டத்திலேயே காட்ட முடிந்தது. திங்களன்று ஆசிரியை முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி ஆகிய நான்கு நிலைகளின் படங்களை ஒட்டி, சைகையாலும் வரைந்தும் ஸ்பானியத்தில் மட்டுமே விளக்கினார்; அன்று எழுத்துவேலை கிடையாது, எல்லாம் வாய்மொழிதான். செவ்வாயன்று அதே சொற்கள் வரும் சிறு பத்தியை இருவர் இருவராக வாசித்தார்கள். ஸ்பானிய வீட்டுப் பிள்ளை ஒருவரையும் ஆங்கில வீட்டுப் பிள்ளை ஒருவரையும் சேர்த்து உட்கார வைப்பது இந்த முறையின் விதி (தமிழ் வீடு ஆங்கிலக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது, அதற்கென்று தனிக் கட்டம் இல்லை). புதனன்று சொல்வதை எழுதுதல். ஸ்பானிய எழுத்தின் மேல் இடும் அழுத்தக்குறியை விட்டால் அதுவும் பிழை. வியாழனன்று இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்: உருமாற்றத்துக்கும் வலசைக்கும் இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே சொல்தான் என்பதையும், கிழமைப் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், ஸ்பானியத்தில் வேண்டியதில்லை என்பதையும் பிள்ளைகளே கண்டு சொன்னார்கள். வெள்ளியன்று "முதலில், பிறகு, இறுதியில்" என்ற தொடுப்புச் சொற்களை வைத்து, அந்தப் பூச்சியின் வாழ்க்கையை ஸ்பானியத்தில் ஒரு பத்தியாக எழுதினார்கள்.

இதை மொழிப்பாடம் என்று நான் கருதவில்லை. அறிவியலைக் கற்கும்போது மொழியும் கூடவே வந்து சேர்கிறது.

கூடல்நகரான் (கலிஃபோர்னியா):

நெய்தல் அவர்களே, வாரம் ஒழுங்காகத் திட்டமிடப்பட்டிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்தே பார்த்தால், ஐந்து நாள் முடிவில் ஏழு வயதுப் பிள்ளை நான்கு நிலைகளின் பெயரையும் வரிசையையும் சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றையும் காணோம். ஆங்கிலத்தில் நடத்தியிருந்தால் அதைச் செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டு, அந்தப் புழு ஏன் மில்க்வீட் செடியை மட்டும் தின்கிறது, அச்செடியின் நஞ்சு பூச்சியைப் பறவைகளிடமிருந்து எப்படிக் காக்கிறது என்ற காரணங்களுக்குள் போயிருக்கலாம். பிள்ளைக்கு மொழி எட்டாத இடத்தில் பாடத்தையே சுருக்கிக் கொடுக்கிறார்கள். இதில் ஆசிரியையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, முறையே அப்படித்தான். எங்கள் மாநிலத்தில் 1998இல் 61 விழுக்காட்டு வாக்காளர்கள் 227ஆம் முன்மொழிவை ஆதரித்து, இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் மூடச் செய்ததை மறந்துவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்பதுதான் அன்று சொல்லப்பட்ட குறை.

பொன்னி (ஆரிகன்):

இருமொழி வகுப்புகளில் உதவியாசிரியையாகப் பணியாற்றுபவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, கூடல்நகரான் ஐயா இரு வேறு வகுப்புகளை ஒன்றாக்குகிறார். 1998இல் பேசப்பட்டவை முக்கியமாக, ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளை மட்டும் தனியே அமர்த்திச் சில ஆண்டுகள் தாய்மொழியில் கற்பித்துப் பின்னர் ஆங்கிலத்துக்கு மாற்றும் வகுப்புகள். நெய்தல் விவரிப்பது இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து இரு மொழிகளையும் தக்கவைத்துக்கொள்ளும் வகுப்பு. கியூபாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்காகவும் அவர்களுடைய அண்டை வீட்டாருக்காகவும் மயாமியின் கோரல் வே தொடக்கப் பள்ளியில் 1963இல் தொடங்கப்பட்ட ஏற்பாட்டின் வழியில் வருவது. அந்த 227ஐக் கலிஃபோர்னிய வாக்காளர்களே 2016இல் 58ஆம் முன்மொழிவின் மூலம் விலக்கிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதற்குக் கிடைத்த ஆதரவு 70 விழுக்காட்டுக்கும் மேல்.

இரண்டாவது, பாடம் மெலிகிறது என்ற ஐயத்துக்கு எங்கள் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில் பதில் இருக்கிறது. அங்கே இருமொழிப் பிரிவின் இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியதால், இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேராக ஒப்பிட முடிந்தது. இருமொழிப் பிரிவில் படித்தவர்கள் ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் சுமார் 7 மாதமும், எட்டாம் வகுப்பில் சுமார் 9 மாதமும் முன்னால் இருந்தார்கள். கணக்கிலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அதாவது, பாட நேரத்தின் ஒரு பகுதி வேறு மொழியில் போயும் அவர்கள் பின்தங்கவில்லை.

கூடல்நகரான்:

நன்றி அம்மா. போர்ட்லாந்து ஆய்வை நானும் அறிவேன்; அதே ஆய்வு சொல்லும் இன்னொன்றையும் கேளுங்கள். ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளில், வகுப்பின் இரண்டாம் மொழியே வீட்டு மொழியாகவும் இருந்தவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகக் கிடைத்தது. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பின் இரு மொழிகளில் எதுவும் வீட்டு மொழி இல்லை. அந்தச் சராசரியை அப்படியே நம் பிள்ளைக்குப் பொருத்திப் பார்ப்பது நியாயமாகாது. மாலையில் ஸ்பானிய வாசிப்பு, ஆங்கில வாசிப்பு இரண்டும் முடிந்த பிறகு தமிழுக்கு எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது? வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு முதலில் மட்டம் போடுகிறவர்கள் யார் என்று அங்கே கற்பிக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

வடகரை:

நீங்கள் எல்லோரும் நம் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எதிர் இருக்கையில் இருக்கும் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் குவாதலூப்பே வால்தேஸ் 1997இலேயே, இவ்வகை வகுப்புகள் யாருக்குப் பயன்படப் போகின்றன என்று எச்சரித்து ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கில வீட்டுப் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஆசிரியை ஸ்பானியத்தை எளிதாக்கிப் பேசினால், வீட்டில் செழிப்பான ஸ்பானியம் பேசும் பிள்ளைக்கு அந்த வாரத்தில் புதிதாக என்ன கிடைக்கும்? கூடல்நகரான் சொல்லும் சுருக்கம் உண்மையானால், அதன் இழப்பு முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான். நம் பிள்ளை இரண்டு சொல் ஸ்பானியம் பேசினால் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தப் பிள்ளை ஆங்கிலம் பேசினால், அது செய்ய வேண்டிய கடமை என்று மட்டுமே கருதப்படும். நம்மைப் போன்ற மென்பொருள் வேலைக் குடும்பங்கள் விண்ணப்பங்களைக் கொண்டுவந்து குவிக்கும் பள்ளிகளில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது.

நெய்தல்:

வடகரை அவர்களின் கேள்வி கடினமானது. எங்கள் வகுப்பைப் பொறுத்தவரை ஒரு பகுதிக்குப் பதில் சொல்ல முடியும். செவ்வாய் வாசிப்பில் முன்னால் நிற்பது ஸ்பானிய வீட்டுப் பிள்ளைதான். என் மகளின் இணையாக அமர்ந்தவள், தன் பாட்டி ஊரில் அந்தப் பூச்சிகள் நவம்பர் தொடக்கத்தில், மெக்சிகோவில் முன்னோரை நினைவுகூரும் 'இறந்தோர் நாள்' விழாவை ஒட்டி வந்து சேரும் என்பதை ஆசிரியைக்கு முன்பே சொன்னாளாம். ஆங்கிலம் மட்டும் நடக்கும் வகுப்பில் அவள் அதைச் சொல்வதற்கான இடமே இருந்திருக்காது.

தமிழ் தேய்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. மில்க்வீட் நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஊரில் எருக்கிலையைத் தின்னும் புழு வளர்ந்து மோனார்க்கின் நெருங்கிய உறவான வண்ணத்துப்பூச்சியாகிறது. அந்தப் புழுவுக்கு எருக்கம்பால் ஏன் கெடுதல் செய்வதில்லை என்ற பேச்சை, கூடல்நகரான் எதிர்பார்த்த அதே காரணப் பேச்சை, அந்த வாரம் வீட்டில் தமிழில்தான் பேசினோம். நான்கு நிலைகளும் ஸ்பானியத்தில் ஏற்கெனவே அவளுக்குத் தெரிந்திருந்ததால் எனக்கு வேலை பாதிதான்.

கூடல்நகரான்:

அப்படியானால் காரணத்தைக் கற்பித்தது நீங்கள். பள்ளி கற்பித்தது பெயர்களைத்தான். வீட்டில் அப்படி உட்கார்ந்து பேச நேரமில்லாத பெற்றோர் என்ன செய்வார்கள்? ஓராண்டு பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றாவது அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பொன்னி:

அதைத்தான் சொல்லக் கூடாது, ஐயா. பெரும்பாலான பள்ளிகளில் முதல் வகுப்பைத் தாண்டிவிட்டால், ஸ்பானியம் ஓரளவு தெரிந்த பிள்ளையைத்தான் காலியிடத்தில் சேர்ப்பார்கள். நடுவில் விலகுகிறவரின் இடம் பல நேரங்களில் காலியாகவே கிடக்கும், வகுப்பின் சரிபாதிக் கணக்கும் குலையும். தவிர, போர்ட்லாந்தில் பார்த்த பலன் ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தெரிந்தது. இரண்டாம் வகுப்பில் எடுத்துவிடும் எண்ணம் உள்ளவர்கள் மழலையர் வகுப்பிலேயே விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது.

கூடல்நகரான்:

இந்த ஒன்றில் உங்களுடன் உடன்படுகிறேன். அதனால்தான் நாங்கள் விண்ணப்பிக்கவில்லை.