லோகோல டிஎம் போடணுமா, வட்டத்துக்குள்ள ஆர் போடணுமா?

வீட்டுல இருந்தே மசாலா பொடி பாக்கெட் போட்டு விக்கிறேன், போன மாசம்தான் ட்ரேட்மார்க்குக்கு ஆன்லைன்ல 4500 ரூபா கட்டி அப்ளை பண்ணேன், நம்பரும் வந்துடுச்சு. டிசைன் பண்ற தம்பி லோகோ பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர் போட்டு அனுப்பிருக்காரு, நாளைக்கு கவர் பிரிண்டிங். இப்படியே விடலாமாங்க?

பதில் 1:
அய்யோ நிறுத்துங்கக்கா! அப்ளை பண்ணா மட்டும் ஆர் போடக்கூடாது, சர்டிஃபிகேட் கையில வந்த அப்புறம்தான். 1999 ட்ரேட்மார்க் சட்டம் 107வது பிரிவுல, பதிவாகாததைப் பதிவானதா காட்டுறது தப்புன்னு தெளிவா இருக்கு. இப்போதைக்கு டிஎம் போடுங்க, அதுக்கு யார் பர்மிஷனும் வேணாம், அப்ளை பண்ணாதவங்ககூட போடலாம்.

பதில் 2:
அவர் சொல்றது சரி. ட்ரேட்மார்க் ஆபீஸ் வெளியிடுற ஜர்னல்ல உங்க அப்ளிகேஷன் வந்து 4 மாசம் வரைக்கும் யார் வேணா எதிர்ப்பு தெரிவிக்கலாம், அதனால மொத்தமா கவர் அடிச்சு வைக்காதீங்க. இன்னொன்னு, ட்ரேட்மார்க்குக்குப் பொருள்களை கிளாஸ் கிளாஸா பிரிச்சிருக்காங்க, மசாலா 30வது கிளாஸ், அதுல பதிவாச்சுன்னா அந்தப் பொருளுக்கு மட்டும்தான் ஆர், நாளைக்கு அதே பேர்ல சோப்பு போட்டா அதுல போட முடியாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, பிரிண்டிங்கை நிறுத்திட்டேன். அந்த டிஎம் எப்படி டைப் பண்றது?

பதில் 1:
விண்டோஸ்ல ஆல்ட் அழுத்திட்டு நம்பர்பேட்ல 0153. பேரோட வலது மேல் மூலையில சின்னதா வைங்க.