வைரம் தேடும் கம்பெனிப் பங்கு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அப்பா சேமநிதிப் பணத்தில் 8,000 வெள்ளிக்கு, கனடாவில் வைரம் தேடும் ஒரு சின்ன கம்பெனியின் பங்கை வாங்கிவிட்டார். இன்னும் வாங்கப் போகிறாராம். 1991-இல் கனடாவின் எக்காட்டி பகுதியில் வைரம் கிடைத்து, அங்கே தேடிய டியா மெட் கம்பெனியின் பங்கு எகிறிய கதைதான் தினமும். தான் வாங்கிய கம்பெனியின் அறிக்கையை அச்செடுத்து, 'கார்னெட்' என்று வரும் இடமெல்லாம் மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறார். கார்னெட் என்ற கனிமம், வைரம் இருக்கலாம் என்பதற்கு ஓர் அடையாளம்தானே? வைரம் இருக்கக்கூடிய கிம்பர்லைட் பாறையே கிடைத்தாலும், பெரும்பாலானவற்றில் தோண்டிக் கட்டுப்படியாகும் அளவுக்கு வைரம் இருக்காது. டன் கணக்கில் பாறை எடுத்துச் சோதித்த முடிவு எதுவும் அந்த அறிக்கையில் இல்லை.

கனடா கம்பெனிகள் அறிக்கைகளைப் பதிவு செய்யும் செடார் பிளஸ் இணையத்தளத்தில் கணக்கறிக்கை பார்க்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா? கையில் எவ்வளவு ரொக்கம், எத்தனை முறை புதுப் பங்கு வெளியிட்டார்கள் என்று தெரிய வேண்டும். அப்புறம், இப்போது விற்றால் வாங்க ஆள் இருக்குமா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவி.